வீடும் பள்ளியும்: வெர்னா கெர்க்னஸ் அம்மையாரின் கல்விப் பணி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றி அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேச நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் உளர். அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியும், எம். சி. ராஜா அவர்களைப் பற்றியும் காலை அமர்வில் விரிவாகவே கேட்டோம். ஆதலின் நாம் தொலைவிலிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். கனடா நாட்டின் முதற்குடி மக்களிடையே பிறந்து, சிற்றூர்ப் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கி, பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தவர் வெர்னா கெர்க்னஸ் அம்மையார். அவர் செய்த பணியே இன்று நம் பொருள்.

இவ்வளவு தொலைவு போவானேன் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்பது நம் காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். இன்று மாலை நம் பொதுக்குழு கூடுகிறது. வெள்ளி விழா நினைவாக ஒரு கட்டடம் எழுப்புவது பற்றித் தீர்மானம் வரவிருக்கிறது. அந்த அம்மையாரும் ஒரு கட்டடம் எழுப்பினார். அது எத்தகைய கட்டடம், அதற்கு முன் அவர் என்னென்ன செய்தார் என்பதைக் கேட்டுவிட்டுப் பொதுக்குழுவிற்குள் போவது நலம் என்று நமக்குத் தோன்றியது.

முதலில் அந்நாட்டின் பழைய சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1876-ஆம் ஆண்டில் கனடா அரசு 'இந்தியர் சட்டம்' என்று ஒன்றை இயற்றியது. அங்கே இந்தியர் என்றால் நம்மவர் அல்லர். கொலம்பஸ் செய்த பிழையால் அம்மண்ணின் மூத்த குடிகள்மீது ஒட்டிக்கொண்ட பெயர் அது. அச்சட்டப்படி ஓர் இந்தியர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவராகவோ வழக்குரைஞராகவோ பாதிரியாராகவோ ஆனாலோ, சட்டத்தின் கண்ணில் அவர் இந்தியர் என்னும் நிலையை இழப்பார். சில ஆண்டுகளில் இவ்விதி தளர்த்தப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அரசின் உள்ளக் கிடக்கை என்ன என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. நம் முன்னோரைப் பார்த்து, 'நீ படிக்காதே' என்றது இந்நாட்டுச் சமுதாயம். அவர்களைப் பார்த்து, 'நீ படிக்கலாம், ஆனால் படித்தபின் உன் மக்களோடு உனக்கு உறவில்லை' என்றது அந்நாட்டுச் சட்டம்.

அடுத்தது உறைவிடப் பள்ளிகள். நம் நாட்டில் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் ஏழைப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் இடம் என்று மகிழ்கிறோம். கனடாவில் அச்சொல் கேட்டால் முதியோர் இன்றும் நடுங்குவர். அரசு பணம் தர, கிறித்தவத் திருச்சபைகள் நடத்திய அப்பள்ளிகளின் நோக்கம், பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து, அதன் மொழியை மறக்கச் செய்வது. 1920-ல் சட்டத்தைத் திருத்திப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். பிள்ளையைத் தர மறுத்த பெற்றோருக்குத் தண்டனையும் உண்டு. தாய்மொழியில் பேசினால் பிள்ளைக்கு அடி. இப்பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். ஏறத்தாழ 1,50,000 சிறார் இவற்றின் வழியே சென்றனர் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மதிப்பிட்டது. பிள்ளைகள் பலர் வீடு திரும்பாமல் அங்கேயே இறந்தனர். இதனைப் பண்பாட்டுப் படுகொலை என்றே அவ்வாணையம் 2015-ல் கூறியது. அதற்கு முன்பே, 2008-ல், நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

ஆசிரியர் என்ற முறையில் நாம் இங்கே கவனிக்க விரும்புவது ஒன்று உண்டு. ஆறு வயதில் பிரிக்கப்பட்ட பிள்ளை பதினாறு வயதில் வீடு திரும்பியபொழுது அதற்குத் தாயோடு பேச மொழி இல்லை. அந்தப் பிள்ளையே நாளை தாயாகிறது, தந்தையாகிறது. தன் குழந்தையிடம் எம்மொழியில் பேசுவது, எக்கதையைச் சொல்வது, எப்படிக் கொஞ்சுவது என்று தனக்கு ஒருவரும் காட்டவில்லை. பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. இத்தகைய பெற்றோரின் பிள்ளை வகுப்பிற்கு வருகிறது, தடுமாறுகிறது. உடனே ஆசிரியர்கள் சொல்கிறார்கள், 'வீட்டில் அக்கறை இல்லை' என்று. இந்த வாக்கியம் உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். நாமும் ஆசிரியர் அறையில் அமர்ந்து பலமுறை சொன்னதுதான்.

வெர்னா கெர்க்னஸ் 1935-ல் மானிட்டோபா மாநிலத்தில், பிஷர் ரிவர் என்னும் கிரீ மக்களின் ஒதுக்கிடத்தில் பிறந்தார். 1950-களில் ஆசிரியப் பயிற்சி பெற்று வேலைக்குச் சேர்ந்தார். சாதாரணப் பள்ளியிலும் கற்பித்தார், உறைவிடப் பள்ளியிலும் கற்பித்தார். பிறகு தலைமையாசிரியர், ஆலோசகர், பள்ளிகளை மேற்பார்க்கும் அலுவலர் எனப் படிப்படியாக உயர்ந்தார். பட்டங்கள் எல்லாம் வேலையில் இருந்துகொண்டே பின்னால் பெற்றவை. இதனைக் கேட்கும்பொழுது, பகலில் வகுப்பெடுத்து இரவில் அஞ்சல்வழிப் பாடம் படித்துப் பட்டம் பெற்ற நம் சங்கத்து மூத்த உறுப்பினர் சிலரின் முகம் நமக்கு நினைவிற்கு வருகிறது.

அவர் முதலில் கைவைத்தது மொழியில். மானிட்டோபாவின் வடபகுதிச் சிற்றூர்களில் பிள்ளைகள் வீட்டில் கிரீ மொழியோ ஒஜிப்வே மொழியோ பேசுவர். முதல் வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ஆண்டு முடிவில் தேர்ச்சி இல்லை. ஆறு வயதில் தோற்றவன் என்று பெயர். 1960-களின் பிற்பகுதியில் கெர்க்னஸ் அம்மையார், பாடத்திட்டப் பொறுப்பில் இருந்தபொழுது, சில பள்ளிகளில் கிரீயையும் ஒஜிப்வேயையும் பயிற்று மொழியாகவே கொண்டுவந்தார். இதன் பயன் மொழியோடு நிற்கவில்லை. வகுப்பில் வீட்டு மொழி ஒலித்ததும், அதுவரை பள்ளிக்குப் பயன்படாதவர் எனக் கருதப்பட்ட பாட்டி, திடீரென்று ஆசிரியரைவிட மிகுதியாகத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பிள்ளை வீட்டிற்கு ஓட வேண்டியிருக்கிறது.

இனி அரசியலுக்கு வருவோம். 1969-ல் கனடா அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. முதற்குடி மக்களுக்கென்று தனிச் சட்டநிலை வேண்டியதில்லை, எல்லோரும் சமம், பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சமத்துவம் என்ற பெயரால் உரிமையைப் பறிக்கும் வாதம் நமக்கும் புதிதன்று. இடஒதுக்கீடு பற்றிய விவாதந்தோறும் கேட்டு வருகிறோம். அம்மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு, 1970 ஜூலையில், ஆல்பர்ட்டா மாநிலத்தில் புளூ குவில்ஸ் என்னும் உறைவிடப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அப்பள்ளியின் நிர்வாகம் தங்கள் கைக்கு வரவேண்டும் என்று கேட்டுப் பெற்றோர் பள்ளிக்குள்ளேயே சென்று அமர்ந்துவிட்டனர். இரண்டு வாரங்களுக்கு மேல் அமர்ந்திருந்தனர். அரசு இணங்கியது. கனடாவில் முதற்குடி மக்களே நடத்திய முதல் பள்ளி அதுவாயிற்று. இன்று அவ்விடம் அவர்களே நடத்தும் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. எந்தக் கட்டடத்தின் வாயிலில் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களோ, அதே கட்டடத்திற்குள் அந்தப் பெற்றோர் போய் உட்கார்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சூழலில்தான் 1972 டிசம்பரில் தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்னும் அமைப்பு 'இந்தியர் கல்வி இந்தியர் கையில்' என்ற கொள்கை அறிக்கையை அரசிடம் அளித்தது. அவ்வமைப்பின் கல்வி இயக்குநராக இருந்து அதன் உருவாக்கத்தில் பெரும் பங்கு ஆற்றியவர் கெர்க்னஸ். 1973 பிப்ரவரியில் அரசு அதனை ஏற்றது. அவ்வறிக்கை இரண்டு கொள்கைகளின்மேல் நிற்கிறது. ஒன்று பெற்றோர் பொறுப்பு, மற்றொன்று உள்ளூர்க் கட்டுப்பாடு. பெற்றோர் பொறுப்பு என்பதை அவர்கள் எப்பொருளில் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை தேறாவிட்டால் பெற்றோரைக் குற்றம் சாட்டுவதற்குச் சொன்னதன்று. என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது என்று முடிவு செய்வதில் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்னும் பொருளில் சொன்னது. உரிமை இருந்தால்தானே பொறுப்பு?

அறிக்கையை ஏற்ற அரசு பிறகு என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிர்வாகத்தைத் தந்தார்கள். பணமும் பாடத்திட்டமும் பெரும்பாலும் பழைய கையிலேயே தங்கின. பெயரளவுக் கட்டுப்பாடு போதாது என்று கெர்க்னஸ் அம்மையார் பின்னாளில் எழுதியும் பேசியும் வந்தார்.

இதைப் படித்தபொழுது நம் பள்ளியின் அலமாரி நினைவிற்கு வந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நாம் தலைமை ஏற்றிருக்கும் பள்ளியிலேயே பல மாதங்கள் நடந்தது என்ன? தீர்மானப் புத்தகத்தில் நாமே எழுதி வைப்போம். களையெடுப்பிலிருந்தும் நூறு நாள் வேலையிலிருந்தும் வந்த தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து கையொப்பம் இடுவர். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்டதில்லை, நாமும் படித்துக் காட்டியதில்லை. பதிவேடு சரியாக இருந்தது. ஆய்வுக்கு வந்த அலுவலரும் பாராட்டிச் சென்றார்.

மீண்டும் கனடாவிற்குச் செல்வோம். 1981-ல் கெர்க்னஸ் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே முதற்குடி இளைஞரை ஆசிரியராக்கும் பயிற்சித் திட்டம் ஒன்று 1974 முதல் நடந்து வந்தது. அதன் அமைப்பு நம் சங்கத்தார் கருதத்தக்கது. மாணவரை முதல் நாளே பெருநகருக்கு இழுத்துவரவில்லை. அவரவர் ஊருக்கு அருகே சிறு மையங்கள் வைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அங்கேயே பாடம். வீட்டாரோடு இருக்கலாம், குழந்தை பெற்ற பெண்களும் படிக்கலாம். பிறகுதான் பல்கலைக்கழக வளாகம். இத்திட்டத்திற்குக் கெர்க்னஸ் இயக்குநரானார். 1984-ல் மேற்பட்டப் படிப்புக்கும் ஒரு திட்டம் தொடங்கினார். அதற்குப் பொன்கழுகு எனப் பொருள்படும் 'ட்ஸ்கெல்' என்ற பெயரை அப்பகுதி மொழியிலிருந்தே எடுத்து இட்டார்கள். 1987-ல் 'முதற்குடிகள் கல்வி இல்லம்' ஏற்பட்டது. அதன் முதல் இயக்குநரும் அவரே.

இனி அக்கட்டடம். 1993-ல், அவர் ஓய்வுபெற்ற அதே ஆண்டில், பல்கலைக்கழக வளாகத்தில் 'நெடுவீடு' திறக்கப்பட்டது. நெடுவீடு என்பது அக்கடற்கரைக் குடிகள் பல குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த பெரிய மரவீட்டின் பெயர். பருத்த தேவதாரு மரங்கள், குடிகளின் சிற்பிகள் செதுக்கிய தூண்கள், நடுவே பெருங்கூடம். பல்கலைக்கழகம் நிற்பது மஸ்குவியம் மக்களின் நிலத்தில். ஆகவே கூடத்திற்குப் பெயரும் அவர்கள் மொழியில். உள்ளே மாணவர்க்குச் சமையலறை உண்டு, முதியோர் வந்து அமர அறை உண்டு. பக்கத்தில் நூலகம். அதன் பெயர் ஹ்வேஹ்வா, அதாவது எதிரொலி. முதியோர் அறையும் சமையலறையும் பல்கலைக்கழகக் கட்டடத்தில் எதற்கு என்று யாரேனும் கேட்டிருக்கக் கூடும். வீட்டிலிருந்து பாட்டி வந்தால் எங்கே உட்காருவார் என்று அவர்கள் முன்கூட்டியே எண்ணினார்கள், அவ்வளவே. நாம் பார்த்த கல்லூரிகளில் பெற்றோர் உட்கார்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் வாயிற்காவலர் பக்கத்து வேப்பமரத்தடி.

1991-ல் கெர்க்னஸ் அம்மையாரும் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ரே பார்ன்ஹார்ட் என்பவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உயர்கல்வி ஆய்வாளர் இன்றும் எடுத்தாளும் கட்டுரை அது. முதற்குடி மாணவர் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்று பல்கலைக்கழகங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. குறை மாணவரிடம் உள்ளது என்று அக்கேள்வியே முடிவு கட்டிவிடுகிறது என்பது இவர்கள் வாதம். பல்கலைக்கழகத்தார் கண்ணில் மாணவர் அங்கே 'வருகிறார்'. வந்தவர் இங்குள்ள வழக்கத்திற்கு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மாணவர் நோக்கிலோ அவர் தம் ஊரை விட்டுப் 'போகிறார்'. போன இடத்தில் தமக்கும் தம் மக்களுக்கும் என்ன கிடைக்கும் என்று பார்க்கிறார். கல்வி நிறுவனம் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும் என்று இருவரும் எழுதினார்கள். மாணவர் யார் என்பதை மதித்தல், அவர் வாழ்வுக்குப் பொருந்தக் கற்பித்தல், கொடுப்பதோடு நில்லாமல் அவரிடமிருந்தும் கொள்ளுதல், தம் வாழ்வைத் தாமே நடத்தும் பொறுப்பை அவர் ஏற்க உதவுதல். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மனத்தில் நிற்கும். தமிழில் அந்த வாய்ப்பு நமக்கில்லை.

இந்த நான்கில் மூன்றாவதே மிகக் கடினம் என்பது நம் கருத்து. கொடுப்பதற்கு எல்லோரும் வருவர். எழுத்தறியாத ஒரு தாயிடமிருந்து பள்ளி எதைக் கொள்ள முடியும்?

இக்கேள்வியோடு தொடர்புடையது குடும்ப எழுத்தறிவு என்னும் துறை. டென்னி டெய்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1983-ல் எழுதிய நூலால் அச்சொல் பரவிற்று. எழுத்தை வீட்டில் பாடமாக நடத்துவதில்லை, கடிதம், பட்டியல், குறிப்பு என்று அன்றாட வேலைகளோடு கலந்தே பிள்ளை அதனைக் கற்கிறது என்று அவர் காட்டினார். 1988-ல் கேத்தரின் டார்சி-கெயின்ஸ் என்பவரோடு சேர்ந்து, நகரத்தின் மிக ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். அவ்வீடுகளிலும் எழுத்து நிறைந்திருந்தது. பள்ளிக்குத்தான் அது தெரியவில்லை.

ஆனால் அரசுகள் அச்சொல்லை எடுத்துக்கொண்டு வேறுவிதமாகப் பயன்படுத்தின. ஏழை வீடு வெற்றுக் குடம், நாம் சென்று நிரப்பலாம் என்ற எண்ணம் நுழைந்தது. அமெரிக்காவில் 1988-ல் 'ஈவன் ஸ்டார்ட்' என்ற பெருந்திட்டம் சட்டமாயிற்று. தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துக் கல்வி. நல்ல நோக்கமே. ஆயினும் அரசே நடத்திய மதிப்பீடுகளில், அத்திட்டத்தில் சேர்ந்த குடும்பங்கள் சேராத குடும்பங்களைவிடக் கூடுதலாக முன்னேறியதாகத் தெரியவில்லை. 2011-ல் நிதி நின்றது. இதற்குக் காரணம் பல கூறுவர். வந்தவர் பலரும் ஆண்டு முழுதும் தொடர்ந்து வரவில்லை என்பது அவற்றுள் ஒன்று. தொடர்ந்து வராததற்குக் காரணம் என்ன என்பதை நாம் நம் அறிவொளி அனுபவத்திலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம்.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் வேறு வழியில் சென்றனர். 1982-ல் வெலிங்டன் நகருக்கு அருகே முதல் 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக்கூடு, தொடங்கப்பட்டது. அங்கே ஆசிரியர் யார் என்றால், மொழி தெரிந்த பாட்டிமார்கள். இளந்தாய்க்கு மொழி தெரியாது. ஆகவே குழந்தையோடு தாயும் அமர்ந்து கற்றாள். நிர்வாகமும் குடும்பத்தார் கையில். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கூடுகள் நாடெங்கும் தோன்றின. கனடாவிலும் 1995 முதல் முதற்குடிச் சிறாருக்கான முன்பருவக் கல்வித் திட்டம் நடக்கிறது. பண்பாடும் மொழியும், உணவு, உடல்நலம் என்பவற்றோடு பெற்றோர் பங்கேற்பும் அதன் ஆறு கூறுகளுள் ஒன்று. 1972 அறிக்கையில் பெற்றோர்க்குக் கேட்ட இடம், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மழலையர் வகுப்பிலாவது ஓரளவு கிடைத்தது.

இவற்றை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து மொழி பறிக்கப்பட்டது. நம்மவர்க்கோ பேசும் மொழி இதே தமிழ்தான், அதன் எழுத்து மறுக்கப்பட்டது. அவர்கள் முன்னோர் வாழ்வு முழுவதையும் மீட்க விழைகின்றனர். நாம் அங்ஙனம் கூற இயலாது. நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில்களைப் பண்பாடு என்று போற்றிப் பாதுகாக்கச் சொல்வாரும் உளர். அவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். நம் பாட்டிமாரிடம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை நாமே அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இங்கே நம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல இசைவு தாருங்கள். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் நாம் ஏழாம் வகுப்பிற்கு வகுப்பாசிரியராக இருந்தோம். காலாண்டுத் தேர்வு முடிந்து தேர்ச்சி அட்டையில் பெற்றோர் கையொப்பம் வாங்கும் நாள். நம் தெருப் பெண் ஒருவர் நடவு வயலிலிருந்து நேரே வந்தார். கால் முழுதும் சேறு. வராந்தாவின் படியில் ஏறாமல் கீழேயே நின்றார். நாமும் ஏறி வாருங்கள் என்று அழைக்கவில்லை. ஒரு பையனிடம் ஸ்டாம்ப் பேடைக் கொடுத்துக் கீழே அனுப்பினோம். அவர் பெருவிரலைப் பதித்தார். மகன் என்ன மதிப்பெண் வாங்கியிருக்கிறான் என்று நாம் கூறவில்லை. அவன் வகுப்பில் மூன்றாவது. "நல்லா படிக்கிறானாங்க சார்?" என்று அவர் கேட்டதற்கு, "ம், பார்ப்போம்" என்றோம். அவர் மகன் வகுப்பின் ஓரத்தில் நின்று, தாயின் மைபட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவர் வரவில்லை. அட்டையில் அழகான கையெழுத்தில் அவர் பெயர் எழுதியிருந்தது. பையன் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. போலிக் கையொப்பம் என்று பிரம்பை எடுத்து அடித்தோம். அவன் அழவில்லை. காரணமும் சொல்லவில்லை. அப்பொழுதும் அவன் மதிப்பெண் குறையவில்லை, மறைப்பதற்கு அட்டையில் ஒன்றுமே இல்லை. இது நமக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. தாய் மீண்டும் அந்தப் படிக்குக் கீழே வந்து நிற்கக் கூடாது என்று அவன் எண்ணியிருக்கிறான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பதாகக் கேள்வி.

நாமும் அதே தெருவில் பிறந்தவர்தாம். நம் தாயாரும் கைநாட்டுதான். அவர் ஒருநாளும் நாம் படித்த பள்ளிக்குள் வந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபொழுது நாம் கல்லூரி மாணவர். தொண்டராகச் சேர்ந்து அரிக்கேன் விளக்கு வைத்து மாலையில் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தோம். நம் தாயாரும் வந்து கடைசியில் அமர்வார். பெயர் எழுதக் கற்றார், பேருந்துப் பலகை படிக்கக் கற்றார். சோறாக்க வேண்டும், மாட்டுக்குத் தீனி போட வேண்டும் என்று பெண்கள் ஒவ்வொருவராக நின்றபொழுது நாம் வருகைப் பதிவில் சுழித்தோமேயன்றி, நேரத்தை மாற்றிக் கொள்ளவில்லை. இயக்கம் முடிந்தது. விளக்கை நாம் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டோம். அதன்பிறகு படிப்பதற்கென்று நம் தாயார் கையில் ஒரு தாளும் நாம் கொடுத்ததில்லை. எழுத்து மெல்ல மறந்து, பெயர் மட்டும் எஞ்சிற்று. மகன் பி.எட். படித்தவன்.

ஆகவே மாலைப் பொதுக்குழுவிற்கு வருவோம். விழா மண்டபம் வேண்டும் என்று இளைஞர் சிலர் விரும்புகின்றனர். திருமணத்திற்கு மண்டபம் தர மறுத்த நாட்களைக் கண்டவர்கள் நாம். அந்த விருப்பத்தை எள்ளி நகையாட மாட்டோம். மண்டபம் எழட்டும். தரைத்தளத்தில், வாசலுக்கு நேராக, படியில்லாமல் நுழையும்படி ஓர் அறையை மட்டும் ஒதுக்கித் தாருங்கள் என்பதே நம் வேண்டுகோள். அது தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து அமரும் அறையாக இருக்கட்டும். எந்த நேரத்தில் திறப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். இரவு எட்டரை மணி என்றாலும் சரி. சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்ற இளைஞர் முப்பதின்மருக்குக் குறையாமல் இவ்வூரில் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை ஒருவர் தந்தால் முறை வைத்து நடத்தலாம். அரிச்சுவடியில் தொடங்க வேண்டியதில்லை. குடும்ப அட்டை, நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், மகளிர் குழுக் கணக்கு, பிள்ளையின் தேர்ச்சி அட்டை ஆகியவற்றைப் படிக்கக் கற்கட்டும். அவர்கள் சொல்லும் கதையையும் பாட்டையும் அவர்கள் பிள்ளைகளே எழுதி எடுக்கட்டும். எழுதியதை வாசித்துக் காட்டட்டும். தாய் திருத்துவார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் எழுவர் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். வரும் மாதம் முதல் நம் பள்ளியின் தீர்மானப் புத்தகத்தைக் கூட்டத்திற்கு முன்பே அந்த அறைக்கு அனுப்பி வைக்கிறோம். படித்துப் பார்த்து, வேண்டாததை அடித்துவிட்டு வாருங்கள். அலுவலர் கேட்டால் நாம் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

அரைமணி கடந்துவிட்டது என்று செயலாளர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறோம். மாலையில் கட்டடத் தீர்மானத்தை எழுதி முடித்தபின், கையொப்பத்திற்குச் சுற்றுக்கு விடுமுன், கடைசிப் பாயில் இருப்பவர்க்கும் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.